‘வேண்டாம்’ வெட்டுப்படாமல் காத்த பட்டியல்காரருக்கு

பெருந்திரைக்குப் பரப்பும் சிறுதிரைக்குச் சுருக்கமும் அளந்து தந்த பெருந்தகையே! மூன்று கோட்டுக்குள் எதையும் மூட்டை கட்டி ஒளிக்காத முறையாளரே! கண் மங்கியவர்க்கும் கை நடுங்கியவர்க்கும் வழி விட்டு வைத்த வடிவமைப்பாளரே! இருபத்தேழு ஆண்டுகள் இந்த மூன்றாம் மாடியின் ஜன்னலோர மேசையில், பதினொரு பழைய கைபேசிகளைப் பிளாஸ்டிக் தட்டில் அடுக்கி வைத்துக்கொண்டு, முகம் தெரியாதவர்களின் விரல் போகும் வழியை உட்கார்ந்து யோசித்த எங்கள் கட்டைவிரல் அண்ணனே! அலுவலகத்தார் அனைவரின் வணக்கம்.

வியப்புக்குறிகள் இத்துடன் போதும். இன்னும் பத்து விளி எழுதி வைத்திருந்தார்கள். பணியாளர் பிரிவுப் பெண் அதைத் தட்டச்சு செய்து, சரிபார்க்கச் சொல்லி எல்லோருடைய கைபேசிக்கும் அனுப்பினாள். ஆறாவது விளி ‘எதிலும் குறை காண முடியாதவரே’ என்பது. என் கைபேசியில் எழுத்தைப் பெரிதாக வைத்திருப்பேன். அதில் அந்த வரி ‘எதிலும் குறை காண…’ என்று மூன்று புள்ளியோடு நின்றுவிட்டது. வரவேற்பறைப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, “உண்மையைத்தானே போட்டிருக்கு, அப்படியே விட்டுடுங்க” என்றாள்.

சிரித்து முடித்தபிறகு எல்லோருக்கும் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. உங்கள் ஓய்வு விழாவுக்கு எழுதுகிற மடலே கைபேசியில் வெட்டுப்படுவதா? சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினாலும் சரி, பேருந்தில் நின்றுகொண்டு கைபேசியில் படித்தாலும் சரி, இரண்டிலும் ஒரே பொருள் தர வேண்டும் என்று முடிவானது. புதன்கிழமைதோறும் வந்து உங்கள் மெனுக்களை அமுக்கிப் பார்த்துச் சொல்கிற என்னிடம் தாளை நீட்டி, “நீங்கதான் சாப்பாட்டு நேரத்துல கதை சொல்வீங்களே, நீங்களே எழுதிடுங்க” என்றார்கள். அதனால் இதில் உயர்ந்த தமிழ் கொஞ்சம் குறைவாகவும் நடந்தது கொஞ்சம் அதிகமாகவும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள் தம்பி.

இங்கே வந்திருக்கும் உங்கள் உறவினர்களுக்கு முதலில் ஒரு விளக்கம். ஒருநாள் நீங்கள் மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க உங்கள் சம்பந்தி அம்மாள் இங்கே வந்தார். படியிறங்கும்போது என்னிடம் தணிந்த குரலில், “எங்க சம்பந்தி எந்த ஓட்டலுக்கு மெனு போடறார்? அந்தப் பக்கம் போனா ஒரு வாய் சாப்பிட்டுப் பார்க்கலாம்னுதான்” என்று கேட்டார். அம்மா, ஓட்டல் இல்லை. மருத்துவமனைகளில் நேரம் வாங்கித் தரும் செயலியை இந்த அலுவலகம் செய்கிறது. அதைத் திறந்ததும் ‘மருத்துவர்’, ‘என் தேதி’, ‘மருந்து’, ‘உதவி’ என்று நான்கைந்து சொற்கள் தெரிகிறதே, அதுதான் மெனு. எந்தச் சொல், எந்த இடத்தில், எவ்வளவு அகலத்தில் என்று தீர்மானிப்பதுதான் உங்கள் சம்பந்தியின் வேலை. சொல்வதற்கு இவ்வளவுதான். செய்வதற்கு இருபத்தேழு ஆண்டு ஆயிற்று.

சிக்கல் என்னவென்றால், அதே மெனுவை மருத்துவமனை வரவேற்பறைப் பெண் கைக்குட்டை விரித்தது போன்ற பெரிய திரையில் பார்க்கிறாள். நோயாளியோ உள்ளங்கைக்குள் அடங்கும் திரையில் பார்க்கிறார். அவள் நாற்காலியில் உட்கார்ந்து கணினியின் மவுஸை நகர்த்துகிறாள். அவர் ஒரு கையில் பையும் மறுகையில் கைபேசியுமாக வரிசையில் நிற்கிறார். பலர் பெரிய திரைக்கு ஒன்றைச் செய்துவிட்டு அதையே நசுக்கிச் சிறியதில் திணிப்பார்கள். அல்லது சிறியதற்குச் செய்ததை இழுத்துப் பெரியதில் ஒட்டுவார்கள். நீங்கள் இரண்டையும் செய்யவில்லை.

மேலாளர் ஒருமுறை, “எல்லாத்தையும் மூணு கோட்டுக்குள்ள போட்டுடலாமே, பார்க்கச் சுத்தமா இருக்கும்” என்றார். மூன்று கோடு என்பது திரையின் மூலையில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும் சின்னம். அதை அமுக்கினால்தான் மெனு வெளியே வரும்.

நீங்கள் தலையைத் தூக்காமல் சொன்னீர்கள்: “வீட்டுக்கு ஆள் வராங்கன்னு எல்லாத்தையும் கட்டிலுக்கு அடியில தள்ளுறோமே, அந்தச் சுத்தம்தான் இது. ஆள் போனப்புறம் சீப்பைத் தேடுங்க.”

“சரி, சின்ன ஃபோனுக்கு அப்படி. பெரிய திரையிலயாவது போடலாமா?”

“அவ்ளோ பெரிய கூடத்தைக் காலியா வெச்சுட்டு ஒரே ஒரு பூட்டின பீரோவா? உட்கார எடம் கேட்டா சாவியைத் தருவீங்களா?”

அன்றோடு அந்தப் பேச்சு நின்றது. பெரிய திரையில் ஒன்பது சொற்களை இடப்புறமாக வரிசைப்படுத்திப் பரப்பி வைத்தீர்கள். சிறிய திரையில் அவற்றுள் நான்கை மட்டும், கட்டைவிரல் எட்டும்படி, அடியில் வைத்தீர்கள். மற்ற ஐந்தையும் அவற்றுக்கு உரிய நான்கின் கீழ் பிரித்துச் சேர்த்தீர்கள். ‘மேலும்’ என்று ஒரு பெட்டி வைத்து மிச்சத்தை அதில் கொட்டவே இல்லை. “மேலும்னு ஒண்ணு வெச்சா நான் யோசிக்கறத நிறுத்திட்டேன்னு அர்த்தம்” என்பீர்கள். இரண்டு திரையிலும் வரிசை மட்டும் மாறாது. வீடு மாறினாலும் உப்பு ஜாடி அடுப்புக்கு இடப்பக்கம்தான் என்று உங்கள் மனைவி வைத்திருக்கிறாராமே, அங்கிருந்து எடுத்ததாகச் சொன்னீர்கள். அவர் முன்வரிசையில் இருக்கிறார், மறுத்தால் எழுந்து மறுக்கட்டும்.

கட்டைவிரல் என்ற பெயர் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். மேசையில் உட்கார்ந்து சோதித்தால் எல்லாமே எட்டும் என்று, இடக்கையில் இரண்டு தண்ணீர்க் குப்பிகள் போட்ட பையைத் தொங்கவிட்டுக்கொண்டு, வலக்கையில் கைபேசியோடு தாழ்வாரத்தில் நடப்பீர்கள். கட்டைவிரல் போய்வந்த இடத்தையெல்லாம் பென்சிலால் தாளில் வளைவாக வரைவீர்கள். அந்த வளைவுக்கு வெளியே விழுந்த சொல் எதுவானாலும் இடம் மாற்றப்படும். புதிதாகச் சேர்ந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, “அண்ணனுக்கு வீட்ல மளிகை வாங்கப் போகணுமா?” என்று கேட்டார். “இல்லப்பா, வாங்கிட்டு வர வழியில டாக்டர்கிட்ட நேரம் கேட்கப் போறேன்” என்றீர்கள். அவருக்கு நான்கு நாள் கழித்துத்தான் புரிந்தது.

குணங்களை இத்தோடு நிறுத்துகிறேன். இனி ஒரு குறை. பாராட்டு மடலில் குறை எழுதுவது வழக்கமில்லை. ஆனால் இதை விட்டுவிட்டு உங்களைப் பற்றி எழுதினால் அது வேறு யாரையோ பற்றி எழுதியதாகிவிடும்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு தையல்காரி இந்த அலுவலகத்துக்கு வந்தாள். அவளுடைய அம்மாவுக்குக் கண் அறுவைக்குத் தேதி கிடைத்திருந்தது. எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று பார்க்க, தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தபடியே அம்மாவின் கைபேசியைத் திறந்திருக்கிறாள். ‘நேரம் பார்க்க’ என்பதை அமுக்கப் போய் விரல் தவறிப் பக்கத்தில் இருந்த ‘ரத்து செய்ய’ என்பதில் பட்டுவிட்டது. அதனால் ஒன்றும் கெட்டுப்போயிருக்கக் கூடாது. செயலி மறுபடி கேட்கும். பெரிய திரையில் அந்தக் கேள்விக்குக் கீழே இரண்டு பொத்தான்கள் இருக்கும். ஒன்று ‘ரத்து செய்யவும்’, மற்றது ‘ரத்து செய்ய வேண்டாம்’.

அவள் கையில் இருந்த கைபேசியில் இரண்டு பொத்தானிலும் ‘ரத்து செய்ய…’ என்றே இருந்தது.

ஒன்றை அமுக்கினாள். அது தவறான ஒன்று. ஒரே நிமிடத்தில் அந்தத் தேதி காத்திருப்போர் வரிசையில் இருந்த வேறு ஒருவருக்குப் போய்விட்டது. அடுத்த தேதி நான்கு மாதம் தள்ளி.

அந்தக் கைபேசி என்னுடையது. தையல்காரி என் மகள்.

நான் அன்று வரவில்லை. அவள் வந்து சொன்னதையும், அன்று இங்கே இருந்தவர்கள் சொன்னதையும் சேர்த்துச் சொல்கிறேன். மேலாளர் கணினியைப் பார்த்து, “நீங்கதான் அமுக்கியிருக்கீங்கம்மா. இங்க பதிவாயிருக்கு” என்றார். அவர் கெட்டவர் அல்லர். அன்று அவர் முன்னால் முப்பது புகார்கள் இருந்தன.

என் மகள், “அமுக்கினது நான்தான் சார். எதை அமுக்கினேன்னு நீங்களே படிச்சுச் சொல்லுங்க” என்று கைபேசியை நீட்டினாள். அமுக்குவதற்கு முன்பே அந்தப் பக்கத்தை அப்படியே படமெடுத்து வைத்திருந்தாள்.

மேலாளர் படித்தார். “ரத்து செய்ய.” பக்கத்தில் இருந்ததையும் படித்தார். “ரத்து செய்ய.”

“இதுல எது சார் வேண்டாம்?”

அப்போதுதான் ஜன்னலோரத்திலிருந்து நீங்கள் எழுந்து வந்தீர்கள். கைபேசியை வாங்கிக் கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தீர்கள். பிறகு, “எழுத்தைப் பெருசா வெச்சிருக்கீங்களா?” என்று கேட்டீர்கள்.

“அம்மாவுக்குக் கண் தெரியலயே. அதான் வெச்சிருக்கு.”

நடந்தது என்னவென்று உங்களுக்கு அப்போதே பிடிபட்டது. சிறிய திரைக்குச் சோதிக்கும்போது, பெரிய கணினியிலேயே, செயலி தெரியும் கட்டத்தை ஒடுக்கி வைத்துப் பார்த்திருக்கிறீர்கள். அகலம் கைபேசி அளவுதான். எழுத்து மட்டும் உங்கள் கண்ணுக்குப் பழகிய சிறிய எழுத்து. அந்த அளவில் ‘வேண்டாம்’ முழுதாகத் தெரிந்தது. கண் மங்கியவர்கள் எழுத்தைப் பெரிதாக்குவார்கள் என்பது யாருக்கும் தோன்றவில்லை. கண் மருத்துவமனைக்கும் சேர்த்துச் செய்த செயலியில்கூடத் தோன்றவில்லை.

“என் தப்பும்மா” என்றீர்கள். “நம்ம பேச்சுல ஆமாவா இல்லையாங்கறது கடைசியிலதான் வரும். வால்ல இருக்கும். நான் எடம் பத்தலன்னா வாலை வெட்டுற மாதிரி செஞ்சு வெச்சிருக்கேன்.”

மேலாளர் உங்களைத் தனியே அழைத்து, புகாரை மூடக் காரணமாகப் ‘பயனர் பிழை’ என்று குறிக்கச் சொன்னார். நீங்கள் மறுத்தீர்கள். “பயனருக்குக் கண் தெரியலன்னுதானே சார் ஆஸ்பத்திரிக்கே வராங்க. கண் தெரியாததை எப்படிப் பிழைன்னு போடறது?” அப்படியானால் புகார் உங்கள் பெயரில் திறந்தே இருக்கும் என்றார். இருக்கட்டும் என்றீர்களாம்.

தேதியைத் திரும்பப் பெற மருத்துவமனைக்கு நேரில் போனீர்கள். அதைப் பெற்றவர் ஒரு ஓட்டுநர் என்றும், இரண்டு கண்ணிலும் புரை என்றும் அங்கே சொன்னார்கள். அவரிடமிருந்து பிடுங்கித் தாருங்கள் என்று கேட்க உங்களுக்கு வாய் வரவில்லை. நீங்கள் கேட்டு வாங்கி வந்திருந்தாலும் நான் ஏற்றிருக்க மாட்டேன்.

அதன்பின் ஒரு புதன்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். மன்னிப்புக் கேட்டு நீட்டி முழக்கவில்லை. காகிதத்தில் இரண்டு கட்டம் வரைந்து, என் கைபேசி எழுத்தின் அளவுக்கு எழுதிப் பார்த்தீர்கள். எதை எழுதினாலும் கட்டத்துக்கு வெளியே போயிற்று. மகள் காபி வேண்டுமா என்று என்னைக் கேட்டாள். நான் ஏதோ சொன்னேன். நீங்கள் நிமிர்ந்தீர்கள்.

“இப்ப என்ன சொன்னீங்கம்மா?”

“இருக்கட்டும்னேன். இப்பதானே குடிச்சேன்.”

“வேண்டாம்னு சொல்லல.”

“வேண்டாம்னா அவ மூஞ்சி வாடிப்போகும். இருக்கட்டும்னா வேண்டாம்னுதானே அர்த்தம்.”

அதை எழுதினீர்கள். கட்டத்துக்குள் அடங்கியது. ஒரு கட்டத்தில் ‘ரத்து’, மறு கட்டத்தில் ‘இருக்கட்டும்’. வெட்டுவதற்கு வால் இல்லை. முதல் எழுத்திலேயே இரண்டும் வேறு. போதாததற்கு, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக இருந்தவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக்கி, நடுவில் ஒரு விரல் இடைவெளி விட்டீர்கள். எழுத்து எவ்வளவு பெரிதானாலும் சொல் அடுத்த வரிக்கு இறங்குமே தவிர அறுபடாது என்றும் செய்தீர்கள். “அடுத்த புதன் வந்து அமுக்கிப் பார்க்கறீங்களா?” என்று கேட்டீர்கள். வந்தேன். அன்றிலிருந்து வருகிறேன். இன்று புதன்கிழமைகளில் ஆறு பேர் வருகிறோம். கை நடுங்குகிறவர் ஒருவர், இரண்டு கையிலும் கட்டுப் போட்டிருக்கும் ஓவியர் ஒருவர், படிக்கவே தெரியாத காவலாளி ஒருவர். எங்கள் ஆறு பேரைத் தாண்டாமல் எந்த மெனுவும் இந்த வாசலைத் தாண்டுவதில்லை.

நான்கு மாதம் கழித்து அறுவை நடந்தது. வலக்கண் தெளிந்தது. இடக்கண்ணில் பாதி வெளிச்சம்தான் திரும்பியது. தாமதம்தான் காரணமா என்று மருத்துவரைக் கேட்டேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். நீங்களும் ஒருமுறை கேட்டீர்கள். அவர் சொன்னதையே சொன்னேன். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

இதெல்லாம் முடிந்த கதை என்றுதான் நினைத்திருந்தேன். போன புதன்கிழமை சாப்பாட்டு மேசையில் பணியாளர் பிரிவுப் பெண், “எல்லாம் தயார்மா, அண்ணனோட விடுவிப்புக் கடிதம் மட்டும் நிக்குது” என்றாள். ஓய்வு பெறுகிறவர் பெயரில் திறந்த புகார் எதுவும் இருக்கக் கூடாதாம். உங்கள் பெயரில் ஒன்று இருக்கிறதாம். எட்டு ஆண்டுகளாக. அதை மூட இரண்டே வழி. நீங்கள் ‘பயனர் பிழை’ என்று குறிக்க வேண்டும், அல்லது புகார் கொடுத்தவர் தன் கைபேசியிலிருந்து ‘சரியானது’ என்று மூட வேண்டும்.

அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தட்டைக் கழுவப் போனபோது, மேலாளர் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. ஒட்டுக் கேட்பது என் வழக்கமில்லை. ஆனால் காது இரண்டும் நன்றாகத்தான் கேட்கிறது.

“எட்டு வருஷப் புகார், ஒரு அமுக்கு. போட்டுட்டுப் போங்களேன். இப்ப யாரு பார்க்கப் போறாங்க?”

“போடறதுக்கு நான் யாரு சார்?”

“அப்ப அந்தம்மாகிட்டயே கேளுங்க. வாராவாரம் இங்கதானே உட்கார்ந்திருக்காங்க.”

“கேட்டா சரின்னுடுவாங்க” என்றீர்கள். “அதனாலதான் எட்டு வருஷமா கேட்கல.”

தம்பி, அந்த வாரம் முழுவதும் இதை யோசித்துக்கொண்டிருந்தேன். அவசரப்பட்டு மூட மனம் வரவில்லை. பாசத்துக்காக மூடினால் அது பொய். உங்கள் கடிதம் நிற்கிறதே என்று மூடினால் அது இரக்கம். நீங்கள் இரண்டையும் என்னிடம் கேட்கவில்லை. அதனால் புகாரை எடுத்து முதலிலிருந்து படித்தேன். என் கைபேசியிலிருந்து, என் பெயரில் என் மகள் எழுதியது, மூன்றே வரி. கண்ணைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. ‘இரண்டு பொத்தானிலும் ஒரே சொல் இருக்கிறது. எது எது என்று தெரியவில்லை. சரி செய்யவும்.’

சரி செய்தாயிற்றா? அதைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். கண் பாதிதான் சரியானது. ஆனால் புகார் கண்ணைப் பற்றியது அன்று, மெனுவைப் பற்றியது. என் கைபேசியை எடுத்து, எழுத்தை இருப்பதிலேயே பெரிதாக வைத்து, இடக்கண்ணால் மட்டும் பார்த்தேன். பாதி வெளிச்சத்தில் இரண்டு சொல்லும் முழுதாகத் தெரிந்தன. என்னோடு பேருந்தில் வந்த முன்பின் தெரியாத ஒரு அம்மாவிடம் நீட்டி, “இதுல எதை அமுக்கினா தேதி போயிடும்?” என்றேன். “மேல இருக்கறது. ஏன், இதுகூடத் தெரியாதா?” என்று கடிந்துகொண்டார். எனக்கு அது போதும்.

இன்று காலை பத்தே முக்காலுக்கு, இந்தக் கட்டடத்துப் படியேறுவதற்கு முன், புகாரை மூடிவிட்டேன். இங்கே மேடையில் வைத்து மூடியிருக்கலாம். அப்படிச் செய்தால் கைதட்டலுக்காக மூடியதாகிவிடும். காரணம் என்ற இடத்தில் ‘சரியானது’ என்று குறித்தேன். கேள்வி மறுபடி வந்தது: புகாரை மூடலாமா? மேலே ‘மூடு’, கீழே ‘இருக்கட்டும்’, நடுவில் ஒரு விரல் இடைவெளி. என் விரல் தவறவில்லை. உங்கள் விடுவிப்புக் கடிதம் பணியாளர் பிரிவுப் பெண்ணின் கைப்பையில் இருக்கிறது. மடல் முடிந்ததும் தருவாள்.

மூடியது அந்த ஒன்றைத்தான். மற்றதெல்லாம் இருக்கட்டும். ஜன்னலோர மேசையில் அந்தப் பதினொரு கைபேசித் தட்டு இருக்கட்டும். புதன்கிழமைகள் இருக்கட்டும். எங்கள் ஆறு பேருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் உங்களுக்கும் ஒன்று இருக்கட்டும், இனி நீங்களும் எங்களைப் போல் வெளியாள்தான், வந்து அமுக்கிப் பார்த்துக் குறை சொல்லலாம். இல்லத்தில் உப்பு ஜாடி இடப்பக்கமே இருக்கட்டும். இருவர் உடம்பிலும் நலம் இருக்கட்டும். கையில் வலுவும் நடையில் நிதானமும் நெடுநாள் இருக்கட்டும். உங்கள் இரண்டு கண்ணிலும் முழு வெளிச்சம் இருக்கட்டும்.

இங்ஙனம்,
மூன்றாம் மாடி அலுவலகத்தார் அனைவரும்,
புதன்கிழமைக்காரர்கள் ஆறு பேரும்

(இந்த மடல் சட்டத்துக்கு ஒன்றும் கைபேசிக்கு ஒன்றுமாக இரண்டு அளவில் அமைக்கப்பட்டுள்ளது. இரண்டிலும் எந்தச் சொல்லும் வெட்டுப்படவில்லை. எழுத்தைப் பெரிதாக்கிச் சரிபார்த்தாயிற்று.)